வேதவிளக்கமும் இருசபை நடுவே நின்ற கேட்போனும்

1. முன்னுரை

தமிழ் உரைநடையின் வரலாற்றை எழுதப் புகுவோர், வீரமாமுனிவரைப் பற்றிக் கூறுமிடத்துப் பரமார்த்த குரு கதையை விரித்தும், வேதியர் ஒழுக்கத்தைச் சுருக்கியும், வேதவிளக்கத்தைப் பெயரளவில் சுட்டியும் செல்லுதல் வழக்கமாகிவிட்டது. கண்டன நூல் இலக்கிய ஆய்வுக்கு உரியதன்று என்னும் எண்ணமே இதற்குக் காரணமாகலாம். அவ்வெண்ணம் பொருந்துமாயின், நீலகேசியும் சிவஞான சித்தியார்ப் பரபக்கமும் நம் பாடத்திட்டங்களில் இடம்பெற்றிரா. பிற சமயம் மறுத்துத் தன் சமயம் நிறுவுதல் தமிழில் தொன்றுதொட்டு வரும் நூல்வகை. செய்யுளில் வந்ததற்குத் தந்த மதிப்பை உரைநடையில் வந்ததற்கு மறுத்தல் முறையாகாது.

கி. பி. 1728இல் எழுதப்பெற்ற வேதவிளக்கமும், அதனோடு ஓரினமாகிய லுத்தேரினத்தியல்பு, பேதகமறுத்தல் என்பனவும், தரங்கம்பாடியில் நிலைபெற்ற லுத்தரன் சபையாரை மறுத்து எழுந்தவை. இவற்றின் சமயக் கொள்கை சரியா தவறா என்பது இக்கட்டுரையின் பொருளன்று. சீர்திருத்த சபையை விட்டுக் கத்தோலிக்க சபையைச் சார்வதா, இருந்தவாறே இருப்பதா என்று ஐயுற்று நின்ற ஒரு தமிழ்மகனை இவ்வுரைநடை எவ்வாறு கண்டது, அவன் நெஞ்சில் நிகழ்வனவற்றுள் எதனைப் பற்றிப் பேசிற்று, எதனைப் பேசாது விட்டது என்பனவே ஈண்டு ஆராயப்படும். இவ்வாய்வுக்கு உரைகல்லாகப் பழவேற்காட்டு ஏரிக்கரையை எடுத்துக்கொள்வோம். அந்நூல்கள் அக்கரையை நோக்கி எழுதப்பட்டவை என்பது கருத்தன்று. கத்தோலிக்கம், ஒல்லாந்தரின் சீர்திருத்த சபை, லுத்தரன் சபை ஆகிய மூன்றும் ஒரே காலத்தில் ஒரே மணலில் அடி பதித்த இடம் அது என்பதே அதனைத் தேர்ந்ததற்குக் காரணம்.

2. நூல்கள் பிறந்த சூழல்

சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார். சில ஆண்டுகளில் அச்சுப்பொறி வந்தது. 1715இல் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சேறிற்று. அவர் தொடங்கி வைத்த பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பைச் சூல்ட்சு நிறைவு செய்ய, அது 1728 அளவில் அச்சிட்டு முடிக்கப்பெற்றது. இவ்வாறு ஒரு சபையின் மறைநூல் அச்சில் பரவிக்கொண்டிருந்த அதே காலத்தில், வீரமாமுனிவரின் நூல்கள் கையெழுத்துப் படிகளாகவே உலவின. தமிழில் முதன்முதல் அச்சேறிய நூல்கள் கத்தோலிக்கருடையவை. 1578இல் வந்த தம்பிரான் வணக்கமும் 1586இல் வந்த அடியார் வரலாறும் இதற்குச் சான்று. எனினும் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சுவன்மை கைமாறிவிட்டது.

இந்நிலை நூலின் அமைப்பையே உருவாக்கிற்று. அச்சு நூல் தனியே சென்று தனியே படிக்கப்படும். கையெழுத்து நூலோ ஒருவர் படிக்கப் பலர் கேட்பது. வேதவிளக்கம் எழுதுவதற்கு ஓராண்டு முன்னர், 1727இல், முனிவர் வேதியர் ஒழுக்கம் என்னும் நூலை இயற்றினார். ஊர்தோறும் மறை கற்பிக்கும் உபதேசியாருக்கு உரிய நெறிகளைக் கூறும் நூல் அது. ஓராண்டின் இடைவெளியில் எழுந்த இவ்விரு நூல்களையும் அருகருகே வைத்து நோக்கின், முன்னது கற்பிப்போனை உருவாக்க, பின்னது அவன் கையில் கருவியாக அமைந்தது என்பது புலனாகும். ஆகவே வேதவிளக்கத்தின் நேர்க் கேட்போர் தரங்கம்பாடிப் பாதிரிமார் அல்லர். உபதேசியாரின் முன் அமர்ந்திருக்கும் ஊர்மக்களே. மறுக்கப்படுவோர் ஒருவர், கேட்போர் மற்றொருவர் என்னும் இம்முக்கோணமே கண்டன உரைநடையின் அடிப்படை. எதிரியை வெல்வதினும் கேட்போனை இழவாமையே அதன் நோக்கம்.

3. கேட்டுத் தெளியும் மரபு

சமயங்களைக் கேட்டுத் தெளியும் மாந்தரைத் தமிழ் இலக்கியம் முன்னரே படைத்திருக்கிறது. மணிமேகலையின் 27ஆம் காதையாகிய சமயக் கணக்கர் தம் திறம் கேட்ட காதையில், வஞ்சி நகரில் பல சமயவாதிகளையும் அணுகி அவரவர் கோட்பாட்டைக் கேட்கிறாள் மணிமேகலை. பின்னர்க் காஞ்சியில் அறவண அடிகளிடம் அறங்கேட்டு நோன்பு மேற்கொள்கிறாள். அவள் வஞ்சியில் இளமங்கையாகச் சென்று கேட்கவில்லை; மாதவன் வடிவம் பூண்டு கேட்கிறாள் என்பது இங்கு எண்ணத்தக்கது. தாயும் குலமும் பருவமும் காதலும் ஆகிய அனைத்தையும் களைந்த பின்னரே அவளால் கேட்போளாக முடிகிறது. வாதத்தால் மட்டுமே முடிவெடுக்க வேண்டுமாயின், கேட்போர் தம்மைத் தாமே கழற்றி வைத்துவிட்டு வருதல் வேண்டும் என்னும் நுட்பத்தைச் சாத்தனார் உணர்ந்திருந்தார் போலும்.

வேதவிளக்கம் எண்ணிப் பார்க்கும் கேட்போனும் இத்தகையவனே. மெய்யான சபை எது, அதன் அதிகாரம் எங்கிருந்து வந்தது, அதனின்றும் பிரிந்தோர் நிலை யாது என்னும் வினாக்கள் அவன்முன் அடுக்கப்படுகின்றன. ஏற்புடைய விடை ஏற்றுக்கொள்ளப்பட்டதும் முடிவு தானே பின்தொடரும் என்பது நூலின் நம்பிக்கை. முனிவரின் வாதத் திறமையை இங்கு நாம் குறைத்து மதிப்பிட வேண்டுவதில்லை. சிறு வாக்கியங்கள், கேள்வியும் பதிலுமாக விரையும் நடை, எள்ளல் என்பன படிக்கக் கேட்கும் உரைக்கு நன்கு பொருந்துவன. ஆயினும் அக்கேட்போனுக்கு மனைவி உண்டா, அவன் தந்தையை எங்கே அடக்கம் செய்தார்கள், அவன் மகளை எந்தக் குடும்பத்தில் கொடுக்க இசைந்திருக்கிறான் என்பனவற்றை வாதம் கேட்பதில்லை. மாறுவதா வேண்டாவா என்னும் வினா ஒரு மனிதனுக்கு எழும்போது, இவையும் உடனெழும்.

4. பழவேற்காடு என்னும் உரைகல்

பழவேற்காட்டின் வரலாறு இதனைத் தெளிவிக்கும். போர்த்துகேசியர் 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கு வந்து தங்கினர். அவர் காலத்தில் தோன்றியதாகக் கருதப்படும் மகிமை மாதா திருத்தலம் இன்றும் வழிபாட்டில் உள்ளது. 1613இல் ஒல்லாந்தர் கெல்திரியா என்னும் கோட்டையை எழுப்பினர். 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்திற்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்தம் வாணிகத்தின் தலைநகராக விளங்கியது அவ்வூரே. கோட்டையின் சமயம் சீர்திருத்த சபை. கரையோரத்துக் கிறித்தவரின் பழைய சமயம் கத்தோலிக்கம்.

அக்கோட்டையில் 1630களில் சமயகுருவாகப் பணியாற்றியவர் ஆபிரகாம் ரோசேரியுசு. பத்மநாபன் என்னும் பிராமணரிடம் கேட்டறிந்தவற்றைத் தொகுத்து அவர் எழுதிய நூல், அவர் மறைந்த பின் 1651இல் இலெய்டன் நகரில் வெளிவந்தது. பர்த்துருகரியின் சதகங்களை ஐரோப்பியர்க்கு முதலில் அறிவித்த நூல் அதுவே. அந்நூலின் பொருள் பிராமணர் வாழ்வும் வழிபாடும் ஆகும். கிறித்தவ மக்களிடையே அவர் பணிக்குப் போர்த்துகேசிய மொழி பயன்பட்டது. புதிய சபையின் குரு, பழைய சபை விட்டுச் சென்ற மொழியிலேயே பேச வேண்டியிருந்தது என்பது, அதிகாரம் மாறினும் வழக்கம் மாறாமையைக் காட்டும் அடையாளம்.

மூன்றாவதாக லுத்தரன் சபையும் இங்கு வந்து சேர்ந்தது. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியபோது, அங்குப் பணிபுரிந்த பெப்ரீசியு பழவேற்காட்டில் அடைக்கலம் புகுந்தார். பின்னாளில் தமிழ்ச் சீர்திருத்த சபையாரின் விவிலிய நடைக்கும் ஞானப்பாட்டு நடைக்கும் அடிகோலியவர் அவரே. 1779இல் வெளியான அகராதியும் அவர் முயற்சியால் வந்தது.

ஏரிக்கரையின் குப்பங்களுள் இரண்டின் பெயர்கள் இவ்வரலாற்றைச் சுருங்கச் சொல்லுகின்றன. ஒன்று கோட்டைக்குப்பம், மற்றொன்று நடூர் மாதாகுப்பம். முன்னது கோட்டையை நினைவூட்டுகிறது. பின்னது மாதாவை நினைவூட்டுகிறது. கோட்டை இடிந்து மேடாயிற்று. ஒல்லாந்தரின் கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. மாதாவின் கோவிலிலோ விழா நடக்கிறது. சபை நிலைபெறுவதற்கு ஆட்சி போதாது என்பதற்கு இதனினும் எளிய சான்று தேவையில்லை.

இன்னுமொன்று. இவ்விரு குப்பங்களும் ஆண்டிகுப்பமும் ஏரியில் மீன்பிடிக்கும் இடங்களைப் பாடு என்னும் முறையால் பகிர்ந்துகொண்டு வந்துள்ளன. இன்ன நாளில் இன்ன இடத்தில் வலை கட்டுதல் இன்னாருக்கு உரியது என்பது முறைவைத்துத் தீர்மானிக்கப்படும். அவ்வுரிமை பட்டினவர் குலத்தில் பிறந்து ஊரில் தலைக்கட்டாகச் சேர்ந்த ஆடவனுக்கு உரியது. உரிமை குலத்தைப் பற்றியது, சபையைப் பற்றியதன்று. எனினும் தலைக்கட்டாதல் என்பது ஊரோடு கூடியிருத்தல். திருமணத்திலும் சாவிலும் விழாவிலும் ஊரோடு நில்லாதவன் அவ்வுரிமையை எந்த முகத்தோடு கேட்பான்? சபை மாறுதல் பற்றி இக்கரையில் எண்ணுவோன் ஒருவன் முதலில் எண்ணுவது இதனையே என்று கருதுதல் பிழையாகாது. மணிமேகலையைப் போல் வேற்றுருக் கொண்டு வந்து கேட்பதற்கு வலை கட்டுவோனால் இயலாது.

தெற்கே தூத்துக்குடிக் கரையிலும் இதுவே நிகழ்ந்தது. 1658இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றிய பின், பால்தேயுசு என்னும் குரு பரதவரைச் சீர்திருத்த சபைக்குத் திருப்ப முயன்றார். 1530களில் கத்தோலிக்கம் தழுவிய அம்மக்கள் தம் வணக்கமுறையைக் கைவிடவில்லை. யாழ்ப்பாணத்தில் நெருக்கடி இன்னும் மிகுதி. அங்குத் திருமணமும் பிறப்பும் சீர்திருத்த சபைப் பதிவேட்டில் ஏறினாலன்றி உடைமையுரிமையும் பதவியும் உறுதிப்படா. எனவே ஏட்டில் சீர்திருத்த சபையாராகவும் வீட்டில் கத்தோலிக்கராகவும் பலர் வாழ்ந்தனர். 1687இல் யோசேப்பு வாசு மாறுவேடத்தில் வந்திறங்கியபோது அவரை மறைத்துக் காத்தவர் இத்தகையோரே. ஆங்கிலேயர் ஆட்சி வந்து 1806இல் கத்தோலிக்கர்மீதிருந்த தடைகள் நீங்கியதும், ஏட்டில் இருந்த சீர்திருத்த சபையார் தொகை விரைந்து குறைந்தது. இதனைச் சபைமாற்றம் என்பதா, வீடு திரும்புதல் என்பதா? கண்டன நூல்களின் அகராதியில் இதற்குச் சொல் இல்லை.

5. சொல்லும் சபையும்

வேதவிளக்கம் தான் அறிந்தோ அறியாமலோ தொட்ட ஆழமான இடம் ஒன்று உண்டு, அது சொல். தமிழில் ஒரு சபையை விட்டு மற்றொரு சபைக்குச் செல்லுதல், பெரும்பாலும் ஒரு சொற்றொகுதியை விட்டு மற்றொரு சொற்றொகுதிக்குச் செல்லுதலாகவே இருந்தது. கத்தோலிக்கர் சர்வேசுரன் என்றனர். லுத்தரன் சபையார் பராபரன் என்றனர். ஒருவர்க்கு இஸ்பிரீத்து சாந்து. மற்றவர்க்குப் பரிசுத்த ஆவி. ஒருவர்க்குப் பூசையும் தேவநற்கருணையும், மற்றவர்க்கு இராப்போசனம். ஒருவர் கூறும் இராயப்பர், சின்னப்பர், அருளப்பர் ஆகியோரே மற்றவர் கூறும் பேதுரு, பவுல், யோவான்.

இவ்வேறுபாடு வெறும் ஒலிபெயர்ப்பு வேறுபாடன்று. இராயப்பர் என்பதில் இராய் என்னும் கல் நிற்கிறது. பேதுரு என்பதன் கிரேக்கப் பொருளும் அதுவே. அருளப்பர் என்பதில் அருள் வெளிப்படை. அப்பர் என்னும் ஈறோ உறவுமுறை காட்டுவது. திருத்தூதர் வேற்றுநாட்டாராக நில்லாமல் மூத்த தந்தையராக வீட்டுக்குள் வந்துவிடுகின்றனர். சீர்திருத்த சபையார் மறைநூலின் ஒலியைக் காத்தலே உண்மைக்கு அணித்தென்று கருதினர். இரு தரப்பிலும் ஒரு மொழிக்கொள்கை உள்ளது. யோவான் என்று பெயர் பெற்ற ஒருவன் கத்தோலிக்கம் சார்ந்தால் அருளப்பன் ஆவான். அவன் அன்னை அவனை இனி எப்பெயரால் அழைப்பாள்? இறக்கும் தறுவாயில் அவன் வாயில் வரும் இறைவன் பெயர் பராபரனா, சர்வேசுரனா? முடிவெடுப்பதன் கடினம் முழுவதும் இவ்வினாக்களில் அடங்கிக் கிடக்கிறது.

6. நடைப் பழிப்பும் அதன் எல்லையும்

தரங்கம்பாடி மொழிபெயர்ப்பின் தமிழ்நடையை முனிவர் கடுமையாக எள்ளி நகையாடுகிறார். வேதவிளக்கத்தில் பலராலும் எடுத்துக்காட்டப்பெறும் பகுதி இதுவே. 1726இல் தேம்பாவணியை முடித்து, 1730இல் தொன்னூல் விளக்கம் இயற்றவிருந்த ஒருவரின் செவிக்கு அத்தமிழ் கரடுமுரடாகப் பட்டதில் வியப்பில்லை. மொழித்திறன் பற்றிய அவர் தீர்ப்பு பெரிதும் சரியே. பின்னாளில் பெப்ரீசியு அம்மொழிபெயர்ப்பைத் திருத்தியெழுத நேர்ந்தமை அதனை உறுதிப்படுத்தும்.

ஆனால் நடையின் குறையிலிருந்து சபையின் பொய்ம்மையை வருவித்தல் தருக்க நெறிக்கு ஒவ்வாது. நிகழ்ச்சியும் அதற்கு இடந்தரவில்லை. தஞ்சை மன்னன் படையில் இருந்த இராசநாயக்கன் என்பான் கத்தோலிக்கக் குடும்பத்தவன். தரங்கம்பாடியில் அச்சான நற்செய்திகளையும் திருத்தூதர் நடபடிகளையும் கொண்ட நூல் அவன் கைக்கு எட்டியது. முனிவர் பழித்த அதே நடையில் அமைந்த அந்நூலைப் படித்து, முனிவர் வேதவிளக்கம் எழுதிய அதே காலத்தையொட்டி, அவன் லுத்தரன் சபையைச் சார்ந்து உபதேசியும் ஆனான். கரடுமுரடான தமிழும் ஒரு நெஞ்சைத் திருப்பவல்லது என்பதே இதன் பொருள். மறைநூலைத் தானே தன் கண்ணால் படித்தல் என்பது அவனுக்குக் கிடைத்த புதுப்பேறு. அப்பேற்றின் ஆற்றலை வேதவிளக்கம் போதிய அளவு கணிக்கவில்லை.

இராசநாயக்கன் சென்ற திசையும் யாழ்ப்பாணத்தார் திரும்பிய திசையும் எதிரெதிரானவை. எனினும் ஒப்பிட்டு நோக்கின் ஓர் உண்மை தோன்றும். ஒருவனுக்குப் படிக்கக் கிடைத்த நூலும், மற்றவர்க்கு விடமுடியாத வணக்கமுறையும், நெஞ்சு முன்பே அன்பு வைத்துவிட்ட பொருள்கள். வாதம் அவ்வன்புக்குப் பின்வந்து காரணம் காட்டுகிறது. சபைகளின் தொன்மை பற்றிய வாதத்தையே எடுத்துக்கொள்வோம். உரோமைச் சபையின் தொன்மை பற்றி நூல்கள் எவ்வளவு விரித்தாலும், பழவேற்காட்டு மீனவனுக்குத் தொன்மை என்பது பாட்டன் மெழுகுதிரி ஏற்றிய கோவில். அது கோட்டையினும் மூத்தது. வாதம் சொல்வதும் அவன் அறிந்ததும் அவ்விடத்தில் ஒன்றுபட்டன, அதனால் வென்றது.

7. தன்மை இடம் பெறாத உரைநடை

வேதவிளக்கத்தில் எழுதுவோன் பேசுகிறான், எதிரி பேசவைக்கப்படுகிறான், ஐயுறுவோன் மட்டும் பேசவில்லை. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நியூமன் என்னும் ஆங்கிலிக்கன் குரு, மாறுவதா என்று எண்ணிக்கொண்டிருந்த நாள்களிலேயே கிறித்தவக் கோட்பாட்டின் வளர்ச்சி பற்றி நூலெழுதத் தொடங்கி, அதனை முற்றுவிக்கும் முன்னரே 1845இல் கத்தோலிக்க சபையைச் சார்ந்தார். 1864இல் தம் மனமாற்ற வரலாற்றை விரிவாக எழுதினார். ஐயுறுவோனே எழுதுவோனாகிய உரைநடை அது.

தமிழில் இத்தகைய குரல் இல்லை என்று கூறிவிட இயலாது. அது உரைநடையில் இல்லாமல் பாட்டில் இருந்தது. திருநாவுக்கரசர் சைவக் குடியில் பிறந்து, சமணம் சார்ந்து, மீண்டும் சைவம் அடைந்தவர். அவர் மீண்டது வாதத்தில் தோற்றதனால் அன்று. சூலைநோயும், தமக்கையார் திலகவதியாரின் அன்பும், திருவதிகைக் கோவிலும் அவரை மீட்டதாகப் பெரியபுராணம் கூறும். பல்லவ மன்னன் அப்போது சமணத்தின் பக்கம் இருந்தான். ஆட்சியின் சமயத்தை விட்டுத் தமக்கையின் சமயத்திற்குத் திரும்பிய அவர், இழந்த காலத்தை எண்ணிக் கழிவிரக்கம் கொண்டு பாடிய பாடல்களில் தன்மை ஒருமைக் குரல் தெளிவாக ஒலிக்கிறது. மணிமேகலையும் அப்பரும் தமிழ் தந்த இருவேறு மாதிரிகள். ஒருத்தி உறவைக் களைந்து கேட்டுத் தெளிந்தாள். ஒருவர் உறவின் வழியே துன்புற்றுத் தெளிந்தார். 18ஆம் நூற்றாண்டுக் கண்டன உரைநடை முதல் மாதிரியை மட்டும் எடுத்துக்கொண்டது. இரண்டாவது அதன் கண்ணில் படவில்லை. கிறித்தவத் தமிழில் இக்குரல் உரைநடையாக வெளிப்படுவதற்கு, 1858இல் திருமுழுக்குப் பெற்ற கிருட்டிணபிள்ளை தாம் கிறித்தவரான வரலாற்றை எழுதும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் வைணவத்தினின்று கிறித்தவத்திற்கு வந்த வரலாறே.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சில முடிவுகள் பெறப்படும். வேதவிளக்கம் முதலியன படிக்கக் கேட்கும் மக்களுக்காக ஆக்கப்பெற்ற உரைநடை. அவற்றின் வாக்கிய அமைதியை உபதேசியாரின் வாய்மொழியோடு சேர்த்தே ஆராய்தல் வேண்டும். அவற்றின் வாதம், தன்னைக் களைந்து நிற்கும் கேட்போனை வேண்டி நிற்கிறது. கடற்கரையில் அத்தகைய கேட்போன் இல்லை. சொல்லின் வழியே சபையை அடையாளம் கண்ட இடமே அவற்றின் வலிமை. நடையின் குறையைச் சபையின் குறையாக்கிய இடமே மெலிவு.

அக்காலச் சொற்போரின் நிலை இன்று பெரிதும் மாறிவிட்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் வெளியிட்ட ஒன்றிப்பு ஆணை, பிரிந்தோரைப் பகைவராகக் காணாமல் உடன்பிறந்தோராகக் கண்டது. 1995இல் கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் இணைந்து ஆக்கிய திருவிவிலியத்தின் பொது மொழிபெயர்ப்பு வெளிவந்தது. முறைப்படி திருமுழுக்குப் பெற்ற சீர்திருத்த சபையார் ஒருவர் கத்தோலிக்கம் சார விரும்பினால், அவருக்கு மீண்டும் திருமுழுக்கு வழங்கப்படுவதில்லை. நம்பிக்கை அறிக்கையிட்டு முழு ஒன்றிப்பில் சேர்கிறார். அவருடைய பழைய வாழ்வு பொய்யென்று எழுதப்படுவதில்லை.

எனினும் அம்முடிவின் முன் நிற்பவர்க்கு வினா எளிதாகிவிடவில்லை. பொது மொழிபெயர்ப்பு ஒன்று இருந்தாலும் வீட்டுச் செபம் இரு சொற்றொகுதிகளில்தான் ஒலிக்கிறது. கல்லறைத் தோட்டங்களும் இரண்டாகவே உள்ளன. எந்தச் சபை மெய்யென்னும் கேள்விக்கு அறிஞர் நூலெழுதலாம். எந்தத் தோட்டத்தில் தந்தையின் அருகே கிடப்பது, எந்தச் சொல்லால் பிள்ளைக்குச் செபம் கற்பிப்பது என்னும் கேள்விக்கு, அவரவரே விடை காணுதல் வேண்டும். கண்டன நூல்களைக் கற்கும் மாணாக்கர், நூல் பேசும் இடங்களோடு, கேட்போன் வாய்திறவாது நிற்கும் இடங்களையும் குறித்துக்கொண்டு படிப்பாராயின், தமிழ் உரைநடை வரலாற்றில் விடுபட்ட ஒரு பகுதி நிறைவுறும்.